பன்னிரண்டு குழி டோனட் தட்டு: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும் ஆறு மாதம்

ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள சின்னச் சாக்லேட் டோனட்டுகளை எண்ணெயில் பொரிக்காமல் வீட்டிலேயே சுட்டெடுக்க வேண்டும் என்று, கடந்த பிப்ரவரி மாதம் 12 குழிகள் கொண்ட கார்பன் ஸ்டீல் தட்டு ஒன்றை வாங்கினேன். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டு ஓடிஜி என்கிற மின்சார அடுப்பிலும், ஏற்காட்டில் நாகலூர் செல்லும் வழியில் இருக்கும் அக்கா வீட்டு அடுப்பிலுமாக இந்த ஆறு மாதத்தில் அதை 23 முறை பயன்படுத்திவிட்டேன். தட்டு நல்ல தட்டு, தயங்காமல் வாங்கலாம். ஆனால் தட்டைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மாவும் தட்டும் சரியாக அமைந்தால் டோனட் எந்த ஊரிலும் வந்துவிடுகிறது. அதன் மேல் பளபளவென்று படிய வேண்டிய கிளேஸ் என்கிற மேல்பூச்சோ, அந்தந்த ஊரின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தகுந்தபடிதான் உறைகிறது. சேலத்துக்கு ஒரு பூச்சு, ஏற்காட்டுக்கு வேறொரு பூச்சு என்று நான் பிரித்துக்கொண்ட பிறகே இந்தத் தட்டின் முழுப் பயனும் எனக்குக் கிடைத்தது. அதனால் இந்த மதிப்புரையில் தட்டோடு பூச்சையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தட்டுக்கு வருவதற்கு முன் வேறு வழிகளையும் முயன்று பார்த்தேன். முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த சிலிக்கான் அச்சு. விலை குறைவு, சுட்டவை ஒட்டாமல் பிதுங்கி வெளியே வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதிலிருந்து வந்த ரப்பர் வாசனை, வெறும் அச்சை இரண்டு முறை அடுப்பில் வைத்துச் சூடாக்கிய பிறகும் போகவில்லை. விற்றவர்களோ திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வாசனையைப் பொறுத்துக்கொண்டாலும், சிலிக்கான் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்பதால் டோனட்டின் அடிப்பக்கம் நிறம் பிடிக்காமல் ஈரமாகவே நின்றது. மாவு ஊற்றிய பிறகு அச்சைத் தூக்கினால் நடுவில் தொய்ந்து, மாவு ஒரு பக்கமாக ஒதுங்கியது வேறு.

அடுத்து, வீட்டில் இருக்கும் பாத்திரத்திலேயே செய்யலாமே என்று எவர்சில்வர் இட்லித் தட்டில் மாவை வட்டமாகப் பிழிந்து அடுப்பில் வைத்தேன். உருக்காலையின் பெயரால் நாடறிந்த ஊரில் பிறந்தவளுக்கு எவர்சில்வர் மீது நம்பிக்கை இருப்பது இயல்பு. அது ஆவியில் வேகவைக்கும் இட்லிக்குச் சிறந்தது. ஆனால் சூடான காற்றில் சுடுவதற்குப் பொருந்தவில்லை. துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். சாதாரண கார்பன் ஸ்டீல் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்தும், அலுமினியம் பதினைந்து மடங்கு வரை கடத்தும். அதனால் எவர்சில்வர் தட்டில் கம்பியின் வெப்பம் பட்ட இடத்தில் மட்டும் கருகி, இரண்டு விரல்கடை தள்ளி மாவு வேகாமல் இருந்தது. எதிர்வீட்டு அக்கா குழிப்பணியாரக் கல்லில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். அதிலும் சுவையாக வந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது சாக்லேட் பணியாரம், டோனட் ஆகாது. நடுவில் துளை இருப்பது அழகுக்காக மட்டுமன்று. உளுந்து வடைக்கு நாம் துளையிடும் அதே காரணம்தான்: நடுப்பகுதி வேகும் முன்பே ஓரம் முறுகிப் போகாமல் இருக்க, வெப்பம் உள்ளிருந்தும் ஏற வேண்டும்.

இனித் தட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு குழியும் மேலே 5 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் கொண்டது. நடுவில் எழும்பி நிற்கும் முனை, குழியின் விளிம்புக்குச் சற்றே மேலாக உயர்ந்திருக்கிறது. இந்தச் சிறு உயரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் முனை தாழ்ந்திருக்கும் தட்டுகளில் மாவு உப்பும்போது துளையை மூடிவிடும். கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது. இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் வளைவதில்லை. மெல்லிய தகட்டில் செய்த தட்டுகள் அடுப்பின் சூட்டில் ஒரு மூலை மட்டும் டப்பென்று எழும்பும்; இது 23 முறையில் ஒரு முறைகூட அப்படி எழும்பவில்லை. 32 சென்டிமீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் அகலமும் இருப்பதால் எங்கள் 28 லிட்டர் ஓடிஜியில் கச்சிதமாக உள்ளே போகிறது. 16 லிட்டர் அடுப்பு வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் உட்புற நீளத்தை அளந்துகொண்டு போக வேண்டும். விலை 480 ரூபாய். சின்னக்கடை வீதிப் பக்கம் பாத்திரக் கடையில் நேரில் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கினேன்.

குழியை நிரப்புவதுதான் இந்தத் தட்டில் பழகிக்கொள்ள வேண்டிய ஒரே வேலை. கரண்டியால் ஊற்றினால் மாவு நடுமுனையின் மேல் வழிந்து, வெந்த பிறகு டோனட்டுக்கு ஒரு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. கடையில் விற்கும் பைப்பிங் பைகள் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட்டை உள்ளும் புறமும் நன்றாகக் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்தி, அதில் மாவை நிரப்பி, ஒரு மூலையைச் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு வெட்டிக்கொள்கிறேன். பிறகு மருதாணிக் கோனைப் பிடிப்பதுபோல் பிடித்து, முனையைச் சுற்றி ஒரே சுற்றாகப் பிழிந்துவிட வேண்டும். தட்டை டிஜிட்டல் தராசின் மேல் வைத்துக் குழிக்குக் குழி எடை பார்த்ததில், இந்தத் தட்டுக்கு ஒரு குழிக்கு 17 கிராம் மாவு பொருத்தமான அளவு என்று கண்டேன். 14 கிராமுக்குக் குறைந்தால் வளையல்போல் தட்டையாக வருகிறது. 20 கிராமைத் தாண்டினால் துளை மூடிக்கொள்கிறது. நான்கைந்து முறை செய்துவிட்டால் தராசு தேவைப்படாது. குழியில் மூன்றில் இரண்டு பங்கு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பிழிந்து முடித்ததும் தட்டை மேடையில் இரண்டு முறை மெல்லத் தட்டினால் மாவு சமமாகி, உள்ளே சிக்கிய காற்றும் வெளியேறிவிடும்.

மாவுக்கான அளவையும் தருகிறேன், ஏனென்றால் தட்டோடு வந்த அட்டையில் அச்சிட்டிருந்த அளவு நம் ஊர்ப் பொருட்களுக்கு மிகவும் கெட்டியாக வந்தது. மைதா 120 கிராம், கொக்கோ தூள் 25 கிராம், சர்க்கரை 90 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஈரப்பொருளாகத் தயிர் 120 கிராம், முட்டை ஒன்று, வாசனையில்லாத எண்ணெய் 40 மில்லி, சூடான காபி டிகாஷன் 40 மில்லி. இந்த அளவுக்கு இரண்டு தட்டு சுட்டது போக, மூன்றாவது முறைக்கு நான்கு குழி நிரம்பும் அளவு மாவு மிஞ்சும். முட்டை சேர்க்காத நாட்களில் தயிரை 40 கிராம் கூட்டிக்கொள்கிறேன். டோனட் இன்னும் மெத்தென்று வருகிறது, ஆனால் தட்டிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டிகாஷன் சேர்ப்பதைச் சிலர் ஆடம்பரம் என்று நினைக்கலாம்; இந்தச் செய்முறையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத பொருள் அதுதான். சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே காபி விளைகிறது. அக்கா வீட்டைச் சுற்றிலும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள்தான். அங்கிருந்து வரும் கொட்டையைச் சிக்கரி கலக்காமல் அரைத்து, பில்டரில் இறக்கிய முதல் டிகாஷனைக் கொதிக்கக் கொதிக்கக் கொக்கோ தூளின் மேல் ஊற்றிக் குழைத்து, ஐந்து நிமிடம் விட்டுவிடுவேன். வறண்ட தூளாக இருந்தபோது மூக்குக்கு எட்டாத வாசனை அப்போது சமையலறை முழுவதும் எழும்பும். உண்ணும்போது காபி தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பு மட்டும் ஆழமாகும். கொக்கோ தூளிலும் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். இளம்பழுப்பாக இருக்கும் இயல்பான தூளில் புளிப்பு உண்டு. அது சோடாவோடு சேர்ந்து மாவை உப்பச் செய்யும். அடர்நிறத்தில் விற்கும் தூள், புளிப்பை முறிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தப்பட்டது. அதில் புளிப்பு போய்விட்டதால், தயிர் நன்றாகப் புளித்திருந்தாலொழிய சோடாவின் சோப்பு நெடி நாக்கில் நிற்கும். நான் இயல்பான தூளையே மாவுக்கும், அடர்நிறத் தூளைப் பூச்சுக்கும் பயன்படுத்துகிறேன்.

உலர்ந்தவற்றையும் ஈரமானவற்றையும் ஒன்று சேர்த்த பிறகு அதிகம் கலக்கக் கூடாது. மைதா கண்ணில் படாமல் மறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கலக்கினால் டோனட் இழுவையாகி, உள்ளே புழு ஓடியதுபோல் நீளநீளத் துளைகள் விழும்.

அடுப்பை முழுதாகப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். பெரும்பாலான செய்முறைகள் 180 டிகிரி என்று சொல்கின்றன. இந்தத் தட்டு கறுப்பு என்பதால் வெப்பத்தை விரைவாக உறிஞ்சுகிறது. 180 வைத்தால் மேல்பகுதி வேகும் முன் அடி தடித்துப் போகிறது. எங்கள் வீட்டில் 175 டிகிரி, நடு அடுக்கு, மேலும் கீழும் கம்பி, 9 நிமிடம். இவ்வளவு சின்ன டோனட்டுக்கு ஒரு நிமிடம் என்பது பெரிய காலம். எட்டாவது நிமிடத்தில் கதவைத் திறந்து, விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழாமல் திரும்ப எழும்ப வேண்டும். ஈர்க்குச்சியைச் செருகினால் ஒட்டாமல் வர வேண்டும். பதினோரு நிமிடம் விட்டுவிட்ட ஒரு நாள், ஆறியதும் அவை பொறை பிஸ்கட்டைப் போல் வறண்டுவிட்டன.

வெளியே எடுத்ததும் அவசரப்படக் கூடாது. சரியாக நான்கு நிமிடம் தட்டிலேயே விட்டால், ஓரம் தானாகச் சுருங்கி, மயிரிழை அளவு குழியை விட்டு விலகி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதன்பின் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு, கம்பி வலையோடு சேர்த்துக் கவிழ்த்தால் பன்னிரண்டும் பொதபொதவென்று ஒரே நேரத்தில் விழுகின்றன. முதல் மாதங்களில் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டதில்லை. தட்டில் இருந்த பக்கம் வழவழவென்று, வட்டம் பிசகாமல், பூச்சு ஏற்கத் தயாராக இருக்கும். பொரித்த டோனட்டின் ஈரமான மினுமினுப்பு இதில் வராது. இது கேக் வகையைச் சேர்ந்தது, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவின் இழையும் இதில் இருக்காது. அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள். எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்காமல், பள்ளியிலிருந்து பிள்ளை வருவதற்குள் இரண்டு டஜன் செய்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது பூச்சுக்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் என் மகளின் பிறந்தநாளுக்குச் சேலத்தில் நாற்பது டோனட் செய்தேன். டார்க் சாக்லேட்டை உருக்கி, கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து, ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வரிசையாக வைத்தபோது கண்ணாடிபோல் மின்னின. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்தபோதும் அப்படியேதான் மின்னின, ஏனென்றால் பூச்சு உறையவே இல்லை. தொட்ட விரலிலெல்லாம் சாக்லேட், வெள்ளைச் சட்டையிலெல்லாம் சாக்லேட். காரணம் எளிது. நல்ல சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். அன்று எங்கள் சமையலறையில் மாட்டியிருந்த வெப்பமானி 37 காட்டியது. உருகிய பொருள் உறைவதற்கு அங்கே குளிர்ச்சியே இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் உறையும், ஆனால் வெளியே எடுத்த சில நிமிடங்களில் காற்றின் ஈரம் அதன் மேல் வியர்வைபோல் படிந்து பூச்சு பிசுபிசுத்துவிடும். உள்ளிருக்கும் கேக்கும் குளிரில் விரைவாக விறைத்துப் போகும். காம்பவுண்ட் என்று விற்கும் பாளத்தில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்ப்பதால் வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆயினும் சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும் அந்த உணர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

சேலத்துக்குப் பொருந்துவது சர்க்கரைப் பூச்சு. அது குளிர்ந்து உறைவதில்லை, காய்ந்து உறைகிறது; நம் ஊரில் காய்வதற்குக் குறைவே இல்லை. மிக்சியில் மாவுபோல் அரைத்த சர்க்கரை 120 கிராம், சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) ஒரு தேக்கரண்டி, அடர்நிறக் கொக்கோ 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்து, சூடான பால் 30 மில்லி, வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழுந்து, விழுந்த தடம் பத்து எண்ணி முடிக்கும்போது மறைய வேண்டும். அதற்கு வெகு முன்பே மறைந்தால் பூச்சு நீர்த்துவிட்டது என்று பொருள். மறையாமல் நின்றால் இன்னும் அரைத் தேக்கரண்டி பால்.

இதை முக்குவதை என் மகள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். டோனட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வழவழப்பான பக்கத்தைக் கீழே வைத்துப் பாதி மூழ்கும்வரை அழுத்தி, கால் சுற்று திருப்பித் தூக்குகிறாள்; கீழே தொங்கும் வால் அறுந்து விழும்வரை பொறுத்திருந்து, சட்டென்று நிமிர்த்திக் கம்பி வலையில் வைக்கிறாள். முதல் முறை டோனட் இளஞ்சூடாக இருக்கும்போதே முக்கிவிட வேண்டும். அந்தப் பூச்சு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு கேக்கின் நுண்துளைகளை அடைத்துவிடும். கால் மணி நேரம் கழித்து, நன்றாக ஆறிய பிறகு இரண்டாவது முறை. இந்த இரண்டாவது முக்கலில்தான் கடையில் பார்க்கும் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. மின்விசிறியின் கீழ் இருபது நிமிடத்தில் மேலே மெல்லிய ஓடு கட்டிவிடும். விரல் பட்டால் ஒட்டாது, பல் பட்டால் மெல்லிய சத்தத்தோடு உடையும், உள்ளே பூச்சு இன்னும் இளகியிருக்கும். சேலத்து மே மாதத்திலும் இது என்னைக் கைவிடவில்லை.

அந்த நம்பிக்கையோடுதான் ஜூலை மாதம் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றின் அழுத்தம் சேலத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடுகிறது. சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகத் தாமதமாவதை அக்கா இருபது வருடமாகப் பார்த்து வருகிறார். ஆனால் டோனட்டில் இது வேறு விதமாகத் தெரிந்தது. அதே மாவு, அதே தட்டு, அதே 175 டிகிரி. ஆறாவது நிமிடத்தில் டோனட்டுகள் குழியை விட்டு மேலே பொங்கி நின்றன. எட்டாவது நிமிடத்தில் நடுவில் பள்ளம் விழுந்து உட்கார்ந்துவிட்டன. மேலிருந்து அழுத்தும் காற்று குறைவாக இருந்ததால் சோடாவின் வாயு தேவைக்கு மேல் விரிந்து, மாவு வெந்து இறுகும் முன்பே அதன் சுவர்களை உடைத்துவிட்டிருந்தது.

மறுநாள் சோடாவைப் பாதியாகக் குறைத்தோம், பேக்கிங் பவுடரையும் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேலாக நிறுத்திக்கொண்டோம். சுடும்போது ஈரம் அங்கே விரைவாக ஆவியாகிவிடுவதால் மாவில் ஒரு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தோம். மாவு பொங்குவதற்கு முன் இறுகிக்கொள்ளட்டும் என்று அடுப்பை 185 டிகிரிக்கு ஏற்றி, எட்டே நிமிடத்தில் எடுத்தோம். சேலத்தில் வந்த அதே வட்டம், அதே மெத்தென்ற நடு. தட்டின் கனம் இங்கே பெரிதும் உதவியது என்று நினைக்கிறேன். மலையில் மின்னழுத்தம் அவ்வப்போது தாழ்ந்து அடுப்பின் கம்பி மங்கினாலும், கனமான தட்டு தன் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மாவைச் சமமாக வேகவைத்தது.

ஆனால் சேலத்தில் கைகொடுத்த சர்க்கரைப் பூச்சு இங்கே காயவில்லை. அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். சன்னலைத் திறந்தால் மேகம் சமையலறைக்குள் வந்துவிடும் போலிருந்தது. இருபது நிமிடத்தில் காய்ந்திருக்க வேண்டிய பூச்சு ஒன்றரை மணி நேரம் கழித்தும் ஈரமாகவே இருந்தது. காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது பூச்சிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும்? அதோடு சர்க்கரை காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் பொருள். மகள் விரலை நீட்டிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தாள். "இரு கண்ணு, காயட்டும்" என்று அக்கா சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே பொறுமையிழந்து ஈரத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன்: 21 டிகிரி. ஏப்ரலில் எங்கள் வீட்டில் உறைய மறுத்த சாக்லேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அறை கிடைக்காது. மறுநாள் 100 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, கீழே இறக்கிய பிறகு மீதியைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருந்தோம். புறங்கையில் ஒரு துளி வைத்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். ஏறக்குறைய 31, 32 டிகிரி. இப்படிக் கடைசியில் சேர்க்கும் உருகாத சாக்லேட், உருகியதை ஒழுங்காக உறையவைக்கும் விதையைப்போல் வேலை செய்கிறது. அது இல்லாமல் நேரடியாக உருக்கி ஊற்றினால் மறுநாள் சாம்பல் நிறக் கோடுகள் படரும். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது, பட்டால் மணல்போல் திரண்டுவிடும். இந்தச் சாக்லேட்டில் முக்கி வைத்த டோனட்டுகள் பதினைந்தே நிமிடத்தில் மின்விசிறியும் இல்லாமல் உறைந்தன. கடித்தபோது சுத்தமாக உடைந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஆறு மாதத்தில் நான் செய்தவற்றில் மிகச் சிறந்தவை அந்த 28 டோனட்டுகளே.

அவற்றில் பத்தைச் சேலத்துக்குக் கொண்டுவர முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் தூக்கில் பட்டர் பேப்பர் போட்டு அடுக்கியவை, பதினைந்தாவது வளைவு வரை நன்றாக இருந்தன. அஸ்தம்பட்டி வந்து திறந்தபோது ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகியிருந்தன.

தட்டின் குறைகள் இரண்டு. ஐந்தாவது மாதத்தில் மூன்று குழிகளின் நடுமுனை உச்சியில் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிய ஆரம்பித்தது. ஒட்டிய துணுக்கைக் கத்தியால் நெம்பியது ஒரே ஒரு முறைதான். அதுகூட அந்த மூன்று குழிகளிலும் இல்லை. முனையில் பூசிய படலம் மெல்லியதாக இருந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. இப்போது அந்தக் குழிகளுக்கு மட்டும் எண்ணெய் தடவி மைதா தூவிக்கொள்கிறேன். இரண்டாவது குறை, தட்டின் விளிம்பு. பலத்துக்காகத் தகட்டை உட்பக்கமாகச் சுருட்டிவிட்டிருக்கிறார்கள், ஆனால் சுருளை முழுதாக மூடவில்லை. கழுவும் தண்ணீர் அதற்குள் தங்கிவிடுகிறது. கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும் உலோகம் என்பதால், ஜூன் மாத மழையில் ஒரு மூலையிலிருந்து துரு நிறத் தண்ணீர் வடிந்தது. அன்றிலிருந்து கழுவியதும் துணியால் துடைத்து, இன்னும் சூடு ஆறாத அடுப்புக்குள் பத்து நிமிடம் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். துரு மேலும் பரவவில்லை. கம்பி நாரைக் காட்டவே கூடாது. மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

அக்கா தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அதே கடைக்குப் போகும்போது, அடுக்கில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுருட்டிய விளிம்பின் இடுக்கில் நகம் நுழைகிறதா என்று நான்கு பக்கமும் தடவிப் பார்த்து, நுழையாத ஒன்றைத்தான் எடுப்பேன்.